முக்கால் மணி பிந்தி வந்த குரல்

நாமக்கல் பைபாஸில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து மண்டை உடைந்து, கோயமுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் கண் திறக்காமல் கிடந்து, பத்தொன்பதாம் நாள் எழுந்து உட்கார்ந்த சென்னியப்பனுக்குக் கை வந்தது, கால் வந்தது, பசி வந்தது, பெண்டாட்டி பிள்ளையின் முகம் வந்தது, குரல் மட்டும் முக்கால் மணி நேரம் பிந்தி வந்தது. வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் அவன் பெயரைக் கேட்டார். உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை. டாக்டர் கோப்பில் எதையோ எழுதிவிட்டு அடுத்த வார்டுக்குப் போனார். கட்டிலைக் காலி செய்து, விரிப்பை மாற்றி, சத்தியமங்கலத்திலிருந்து வந்த வேறொரு நோயாளியை அதில் கிடத்தி ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது, தலையணைக்கு மேலே, ஆள் இல்லாத இடத்தில், "சென்னியப்பனுங்க" என்று தெளிவான குரல் கேட்டது. நர்ஸ் மணி பார்த்தாள். கோப்பைத் திரும்ப எடுத்து, 'பேச்சு உண்டு, தாமதம் நாற்பத்தைந்து நிமிடம்' என்று சேர்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டாள். புதிய நோயாளி, தன் பெயர் அதுவல்ல என்று மட்டும் சொன்னான்.

எந்த இடத்தில் நின்று பேசினானோ அந்த இடத்திலேயே, பேசிய அதே உயரத்தில், அவன் அங்கே இருந்தாலும் இல்லாவிட்டாலும் குரல் ஒலிக்கும். ஒரு தடவைதான் ஒலிக்கும். எழுதச் சொன்னால் இரண்டாவது வார்த்தையிலேயே எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. தலையாட்டச் சொன்னால் ஆமாமும் இல்லையும் சில நாள் இடம் மாறி வந்தன, எந்த நாள் மாறுகிறது என்று அவனுக்கே தெரியவில்லை. காலையில் என்ன சாப்பிட்டான் என்று மத்தியானம் கேட்டால் நெற்றித் தழும்பைத் தடவிக்கொண்டு நிற்பான். ஆனால் கையால் செய்த வேலை மட்டும் மறக்காது. எந்தப் பையை எந்த ஆணியில் மாட்டினான், எந்தப் பூட்டை எத்தனை சுற்றுச் சுற்றினான் என்பதெல்லாம் ஒரு மாதம் கழித்தும் அவன் விரல்களில் இருந்தது.

ஊர் இதைப் பழகிக்கொள்ள ஏறக்குறைய இரண்டு மாதம் ஆயிற்று. அவன் முன்பு தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். பழைய முதலாளி இரக்கப்பட்டு மூன்று நாள் ஏற்றிப் பார்த்தார். பஸ்ஸுக்குள் அவன் வாயை அசைத்துக்கொண்டே போனான், முக்கால் மணி கழித்து அதே ரோட்டில் சைக்கிளில் போனவர்களும் ஆடு ஓட்டிப் போனவர்களும் தலைக்கு மேலே "டிக்கெட் டிக்கெட்", "உள்ள போங்க, உள்ள போங்க", "ஏனுங்க பாட்டையா, சில்லறை இல்லீங்களா" என்று ரோடு நெடுகக் கேட்டுக்கொண்டு போனார்கள். ஓரிருவர் பழக்கதோஷத்தில் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் மூன்று பத்தி வந்தது, அதில் அவன் பெயர் சென்னிமலை என்று அச்சாகியிருந்தது, அதற்குப் பிறகு யாரும் வந்து கேட்கவில்லை.

வீட்டில் சண்டையின் போக்கு மாறியது. அவன் மனைவி சுகந்தி சாயங்காலம் ஏழு மணிக்குக் கத்தினால் அவன் பதில் ஏழே முக்காலுக்கு அடுப்படியில் விழும், அதற்குள் அவள் கோபம் ஆறிப் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருப்பாள், ஆறிய காயத்தில் அந்தப் பதில் வந்து புதிதாகக் குத்தும். ஆகவே அவள் மணி பார்க்கக் கற்றுக்கொண்டாள். கத்தி முடித்து நாற்பது நிமிடம் ஆனதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய் சீரியல் பார்த்துவிட்டு வருவாள். வெறும் அடுப்படியிடம் அவன் குரல் நியாயம் கேட்டுவிட்டு ஓயும்.

இந்த நிலையில்தான் அவன் இந்துராணியிடம் வந்து சேர்ந்தான். நாமக்கல் மோகனூர் ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில், தலையில் அடிபட்டு மூளை பாதித்தவர்களுக்கு வேலை தேடிக்கொடுத்து, கிடைத்த வேலையில் நிலைக்க வைக்கும் சிறிய அமைப்பு ஒன்று இருந்தது, அதில் பதினோரு வருடமாக வேலை செய்தவள் இந்துராணி. நாற்பத்தேழு வயது. ஸ்கூட்டரும் ஹெல்மெட்டும் உண்டு, குரல் கணீரென்று இருக்கும். இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோன டெய்லருக்கு மிஷினின் இடது ஓரத்தில் சிவப்பு நூல் ஒட்டிவைத்து, நூலைக் காணும்வரை தலையைத் திருப்பு என்று சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். வாசனை போய்விட்ட சமையல்காரருக்குப் பால் பொங்குவதற்கு முன் மணியடிக்கும் கடிகாரம் வாங்கி மாட்டினாள். அவள் வேலை தேடிக்கொடுத்த இருபத்து மூன்று பேரில் ஒன்பது பேர் இன்னும் வேலையில் இருந்தார்கள். இது பெரிய எண்ணிக்கை என்று அந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்வார்கள்.

அவளுடைய பலம் பேச்சு. தலைக்காயம் பட்டவன் முதலாளி முன்னால் உட்கார்ந்து வார்த்தையைத் தேடும்போது, முதலாளியின் கண் கடிகாரத்துக்குப் போவதை அவள் முந்திப் பார்த்துவிடுவாள். "இவர் சார்பா நான் சொல்றனுங்க" என்று ஆரம்பிப்பாள். தப்பு நடந்தால் முதலில் ஒத்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்டு, இனி நடக்காதபடி ஒரு ஏற்பாடு சொல்லி முடிப்பாள். இந்த முறையில் அவள் நான்கு பேருடைய வேலையைக் காப்பாற்றியிருந்தாள். சென்னியப்பன் விஷயத்தில் வேறு வழியும் இல்லை. எந்த முதலாளி முக்கால் மணி நேரம் காத்திருப்பான்? துணிக்கடையில், டீக்கடையில், மருந்துக்கடைக்காரரின் வீட்டு வரவேற்பறையில் அவள் அவனுக்காகப் பேசினாள், அவன் உதடும் பக்கத்தில் அசைந்தது, பேசி முடித்து இருவரும் எழுந்து போனார்கள். அவர்கள் போன பிறகு அந்த அறைகளில் அவன் என்ன சொன்னான் என்று அவளுக்குத் தெரியாது. திரும்பிப் போய்க் கேட்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதில்லை. அவன் நன்மைக்குத்தானே பேசினோம் என்பது அவள் கணக்கு.

துணிக்கடையில் அவன் வாசலில் நின்று "வாங்க வாங்க" என்றான், அந்த வரவேற்பு முக்கால் மணி கழித்து வேறு யாருக்கோ போய்ச் சேர்ந்தது, அதில் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் காலையில் ஒரு கிழவருக்கு "செருப்ப அங்க விடுங்க" என்று சொன்னது, முகூர்த்தப் பட்டு எடுக்க வந்த பெரிய வீட்டுச் சம்பந்தியின் முகத்துக்கு நேரே ஒலித்தது. அன்று சாயங்காலமே கணக்கு முடிந்தது. டீக்கடையில் அவன் "மூணு டீ, ஒண்ணு சக்கரை கம்மி" என்று சொல்லும்போது கேட்காத மாஸ்டர், காத்திருந்தவர்கள் எழுந்து போய் பெஞ்சு காலியான பிறகு கேட்டுப் போட்டு வைத்தார். ஒன்பது நாள் போட்டு வைத்தார். பத்தாம் நாள் வேண்டாம் என்றார்.

பிறகுதான் பரமத்தி ரோட்டில் கோழித்தீவன ஆலை கிடைத்தது. முதலாளி நாச்சிமுத்து பேச்சு குறைந்த மனிதர். "வாய் லேட்டா வந்தா எனக்கென்னங்க அம்மிணி, கோழி அதுகூடவா பேசப்போகுது? கை சரியா இருக்குமா, அதச் சொல்லுங்க" என்றார்.

"கை மறக்காதுங்க. அதுக்கு நான் பொறுப்புங்க" என்றாள் இந்துராணி.

அவள் இரண்டு நாள் ஆலையில் நின்று பார்த்தாள். மிக்ஸர் என்று அவர்கள் சொல்கிற, ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு இருந்த கலவை எந்திரத்தில் பதினோரு சரக்கு வரிசையாகப் போகவேண்டும், மக்காச்சோள மாவு, சோயாப் புண்ணாக்கு, தவிடு, கருவாட்டுத் தூள் என்று ஆரம்பித்து, ஒன்பதாவதாக உப்பு, பத்தாவதாகத் தாதுப்பொடி, கடைசியாக மருந்துப் பொட்டலம். வரிசை பிசகக்கூடாது, ஒன்றை இருமுறை போடக்கூடாது. எந்திரத்தின் பக்கச் சுவரில் அவள் ஒரு பலகை அடித்தாள். மேல் வரிசையில் பதினோரு ஆணி, கீழ் வரிசையில் பதினோரு ஆணி, மேல் ஆணிகளில் லாரி பட்டறையிலிருந்து வாங்கிவந்த இரும்பு வாஷர் ஒவ்வொன்று. ஒரு சரக்கைக் கொட்டினால் அதற்கான வாஷரைக் கீழ் ஆணிக்கு மாற்றவேண்டும். கலவை முடிந்தால் எல்லாவற்றையும் மேலே ஏற்றவேண்டும். பலகையின் தலையில், எழுத்தாக இல்லாமல் படமாக, அவள் ஒரு விதி வரைந்து ஒட்டினாள். விரித்த கை ஒன்று, திறந்த வாய் ஒன்று. சந்தேகம் வந்தால் கையை நிறுத்து, வாயால் சொல் என்று அர்த்தம்.

சென்னியப்பன் அந்தப் பலகையோடு ஒட்டிக்கொண்டான். வாஷர் இறங்கும் டக் டக் சத்தத்தைக் கேட்டே கலவை எந்த இடத்தில் இருக்கிறது என்று மற்றவர்கள் தெரிந்துகொள்ளும் அளவுக்கு அவன் கை ஓடியது. அவனுக்கு முன்னால் இருந்த ஆள் வாரத்துக்கு ஒருமுறையாவது வரிசை பிசகியவன். இவன் ஐந்து மாதத்தில் ஒருமுறைகூடப் பிசகவில்லை.

ஆலை அவன் குரலையும் வேலைக்கு வைத்துக்கொண்டது. காலை எட்டு மணிக்குக் கேட்டில் நுழையும்போது அவன் வாட்ச்மேனுக்கு வணக்கம் வைப்பான், எட்டே முக்காலுக்கு வெறும் கேட்டில் "வணக்கமுங்க" என்று கேட்டதும் வாட்ச்மேன் கேட்டை இழுத்துச் சாத்துவார், அதற்குப் பிறகு வருபவர்களுக்கு அரை நாள் கட். மூட்டை தைக்கும் பெண்களில் ஒருத்திதான் அந்தப் பழக்கத்தை ஆரம்பித்தாள். ஆளில்லாமல் ஒரு குரல் வந்து பதில் கிடைக்காமல் போவது அந்த இடத்துக்கு நல்லதல்ல என்று அவளுக்குப் பட்டது. ஆகவே மிக்ஸர் பக்கம் அவன் குரல் கேட்டால், அவள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் "ஆகட்டும்" என்பாள். அது எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது. லோடு ஏற்றுபவர்கள் "ஆகட்டும்" என்றார்கள், டிரைவர்கள் "ஆகட்டும்" என்றார்கள், ஆபீஸ் கிளார்க் வரதன் டைப் அடித்துக்கொண்டே "ஆகட்டும்" என்றார். சென்னியப்பன் முக்கால் மணிக்கு முன்னால் என்ன சொல்லியிருந்தாலும், அது தண்ணீர் கேட்டதோ தலைவலி என்றதோ, ஆலை அதற்கு மரியாதையாக ஒரு சொல் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தது. நாள் செல்லச் செல்ல அந்தக் குரலில் வார்த்தைகள் இருப்பதே யாருக்கும் காதில் விழவில்லை.

இந்துராணி வாரம் ஒருமுறை வந்து பலகையைப் பார்த்துவிட்டுப் போனாள். நூற்று எண்பது நாள் நிலைத்தால் ஆலை அவனை நிரந்தரப் பட்டியலில் சேர்க்கும், மருத்துவ அட்டை வரும், அவன் ஆயுசுக்கும் விழுங்கவேண்டிய வலிப்பு மாத்திரை அதில் கிடைக்கும். இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. சுகந்தியின் அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் அவளுக்கு ஒரு மிஷின் பார்த்துவைத்திருந்தான், பிள்ளையோடு வந்துவிடச் சொல்லிக்கொண்டிருந்தான். "நூத்தி எம்பது நாள் பாக்கறனுங்க்கா" என்று அவள் இந்துராணியிடம் சொல்லியிருந்தாள். "நெலச்சா நான் எங்கயும் போகல. நெலைக்கலீன்னா என்ற புள்ளைய நான் பாக்கணுமில்லீங்களா." சொல்லும்போது அவள் அழவில்லை. காலண்டரில் தேதியை அடித்துக்கொண்டு வந்தாள்.

நூற்று எழுபத்து மூன்றாம் நாள், ஒரு புதன்கிழமை, ராசிபுரம் பக்கத்துப் பண்ணை ஒன்றிலிருந்து போன் வந்தது. முந்திய நாள் போன தீவனத்தைத் தின்ற கோழிகள் தண்ணீர்த் தொட்டியை விட்டு நகராமல் குடித்துக்கொண்டே இருந்தன, வெயிலும் சேர்ந்துகொள்ள, வெள்ளிக்கிழமை காலைக்குள் நானூற்றுப் பத்துக் கோழி செத்திருந்தன. பண்ணை ஆட்கள் அவற்றைச் சாக்கில் அள்ளிப் பள்ளம் வெட்டிப் புதைத்தார்கள். மிச்சமிருந்த தீவனத்தைப் பரிசோதித்ததில் தாதுப்பொடி ஒரு பிடிகூட இல்லை, அந்த அளவுக்கு உப்பு கூடுதலாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு முதலாளியின் அறையில் நான்கு பேர் உட்கார்ந்தார்கள். நாச்சிமுத்து மேசைக்கு அந்தப் பக்கம், சூப்பர்வைசர் பொங்கியண்ணன் ஜன்னலோரம், சென்னியப்பனும் இந்துராணியும் இந்தப் பக்கம். கிளார்க் வரதன் மூலையில் கம்ப்யூட்டர் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"பொங்கியண்ணா, நீ சொல்லு" என்றார் முதலாளி.

பொங்கியண்ணன் ஜன்னல் கம்பியைப் பார்த்துச் சொன்னார். "செவ்வாக்கிழமை ரெண்டாவது கலவைங்க. ஒம்பதாவது ஆணியோட நின்னுட்டானுங்க. நான் பாத்தப்ப பத்தாவது வாஷர் மேலயேதான் கெடந்துச்சு. ஆள் செலையாட்ட நிக்கறான். அதுக்கு முன்னாடி உப்ப எத்தனை தடவ கொட்டுனான்னு அவனுக்கே தெரியுமோ என்னமோ."

முதலாளி சென்னியப்பன் பக்கம் திரும்பினார். "ஏம்பா, என்ன நடந்துச்சு? நீயே சொல்லு."

சென்னியப்பன் சொன்னான். உதடுகள் வழக்கத்தைவிட நீளமாக அசைந்தன. கழுத்து நரம்பு புடைத்தது. இரண்டு கையையும் விரித்துப் பத்து விரல்களைக் காட்டினான், பிறகு இரண்டையும் முன்னால் நிறுத்திப் பிடித்தான், பொங்கியண்ணன் உட்கார்ந்திருந்த பக்கம் ஒரு விரலை நீட்டி மடக்கினான். நடுவில் ஒருமுறை இந்துராணியைப் பார்த்து ஏதோ சொன்னான். அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது. முதலாளியின் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது.

அதை இந்துராணி பார்த்துவிட்டாள். செய்த வேலையையே திரும்பச் செய்வது தலைக்காயம் பட்டவர்களிடம் அவள் எத்தனையோ முறை பார்த்தது. பல் தேய்த்தவன் மறுபடி தேய்ப்பான், பூட்டியவன் மறுபடி பூட்டுவான். உப்பைக் கொட்டியவன் மறுபடி கொட்டியிருப்பான், வாஷரை மாற்ற வந்தபோது குழம்பி நின்றிருப்பான். இன்னும் ஐந்து நாள். ஒத்துக்கொண்டு கேட்டால் இந்த மனிதர் விடுவார்.

"இவர் சார்பா நான் சொல்றனுங்க" என்றாள். "தப்பு நடந்துபோச்சுங்க. உப்புப் போட்டத மறந்து மறுபடி போட்டுட்டாருங்க. வேணும்னு பண்ணலீங்க, தலையில அடிபட்டவங்களுக்கு இது வர்றதுதானுங்க. மன்னிச்சுக்கோங்க. நான் நாளைக்கே வந்து உப்புக்கு மட்டும் தனியா ஒரு பெட்டி வச்சுக் குடுத்துடறனுங்க."

சென்னியப்பனின் உதடு மறுபடி அசைந்தது. அவள் அவன் கைமேல் கை வைத்து அழுத்தினாள்.

முதலாளி சென்னியப்பனுக்குக் கதவைக் காட்டினார். "நீ போய் வெளிய உக்காருப்பா" என்றார். அவன் போன பிறகு சொன்னார். "அம்மிணி, பேச்சுதான் லேட்டு, கை மறக்காதுன்னு நீங்கதான் சொன்னீங்க. அத நம்பித்தான் மிக்ஸர்ல நிறுத்துனேன். இப்பக் கையும் மறக்கும்னு நீங்களே சொல்றீங்க. அவன் மறக்கலீன்னு நீங்க சொல்லியிருந்தா நான் இன்னும் நாலு பேரக் கூப்புட்டு விசாரிச்சிருப்பேன். மறதிக்கு என்னத்த விசாரிக்கறது? கலவைல மறதி ஆகாதுங்க. கோழி வாயில்லாத ஜீவன்."

"பேக்கிங்ல போடலாமுங்களே?"

"அங்க ஆளுக இருக்காங்க அம்மிணி. இன்னியோட நிறுத்திக்கலாம். லெட்டர வரதன்கிட்ட வாங்கிக்கோங்க." அவர் கார் சாவியை எடுத்துக்கொண்டு ராசிபுரம் பண்ணைக்குக் கிளம்பினார்.

அவள் சென்னியப்பனை ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த பஸ் நிறுத்தத்துக்கு அழைத்துப்போனாள். விபத்துக்குப் பிறகு அவன் இரண்டு சக்கர வண்டியில் ஏறுவதில்லை. நிறுத்தத்தில் ஒரு தகரக் கூரையும் சிமெண்டுத் திட்டும் இருந்தன. வேலை போனதை அங்கே அவனிடம் சொல்லியிருக்கவேண்டும், அதற்குப் பயிற்சி உண்டு, எந்த வார்த்தையில் ஆரம்பிக்கவேண்டும் என்பதுகூட அவள் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். "இன்னிக்கு வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க தம்பி. சாயங்காலம் நான் வர்றேன், பேசிக்கலாம்" என்று மட்டும் சொன்னாள். அவன் தலையைக் குனிந்து அவளிடம் ஏதோ சொன்னான், இரண்டு மூன்று வாக்கியம் இருக்கும். முகம் தெளிவாகத்தான் இருந்தது. பதினொன்றரைக்கு பஸ் வந்தது. ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கையாட்டினான்.

அவள் லெட்டருக்காகத் திரும்பி வந்தாள். வரதனுக்குப் பிரிண்டர் மக்கர் செய்தது. அவள் அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். ஐந்து மாதமாக அந்த ஆலைக்கு வந்துபோனவள், பதினோரு வருடமாக இப்படி எத்தனையோ அறைகளில் பேசிவிட்டு எழுந்துபோனவள், பேசி முடித்த அறையில் முக்கால் மணி நேரம் கழித்து உட்கார்ந்திருந்தது அதுதான் முதல் தடவை. பதினொன்று ஐம்பதுக்கு, பக்கத்து நாற்காலிக்கு மேலே, அவன் குரல் வந்தது.

"நான் மறக்குலீங்க. ஒம்பதும் சரியாப் போட்டனுங்க. பத்தாவதுக்கு வந்த மூட்டை தாதுப்பொடி இல்லீங்க, உப்புங்க. கையில பட்டதுமே தெரிஞ்சுபோச்சு. பலகைல இருக்கறாப்பல கைய நிறுத்திட்டனுங்க. வாயால சொன்னனுங்க, உப்பு, இது உப்பு, போடாதீங்கன்னு. பொங்கியண்ணன் என்னைத் தள்ளி நிக்கச் சொல்லிப்போட்டு அவரே தூக்கிக் கொட்டுனாருங்க. நான் சொன்னது முக்காமணி கழிச்சு மிக்ஸர்கிட்ட வந்திருக்குமுங்க. யாராச்சும் கேட்டிருப்பாங்க, கேட்டுப் பாருங்க." கொஞ்சம் நின்று, தணிந்து, அவள் காதோரம் வந்தது. "அக்கா, நீங்க இருங்க. நான் சொல்லிக்கறேன்."

"ஆகட்டும்" என்றார் வரதன், பிரிண்டரிலிருந்து தலையைத் தூக்காமல்.

போனை எடுத்துப் பதிவு செய்யவேண்டும் என்று இந்துராணிக்குத் தோன்றியபோது மின்விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது. பிறகு இன்னொரு முறை, அவள் கை அவன் கைமேல் இருந்த அந்த நேரத்தில் சொன்னது, "இல்லீங்க்கா, இல்லீங்க்கா" என்று இரண்டு முறை கேட்டு ஓய்ந்தது.

"ஆகட்டும்" என்றார் வரதன்.

"என்ன சொன்னாருன்னு கேட்டீங்களா?"

"யாருங்க?"

"இப்பச் சொன்னாரே, அவரு."

"அதுங்களா. அது தினமும் ஏதாச்சும் சொல்லிட்டு இருக்குமுங்க." வரதன் தாளை உருவினார். "செவ்வாக்கிழமைகூட மிக்ஸர்கிட்ட உப்பு உப்புன்னு சொல்லுச்சு. காலைல சாப்புட்ட சோத்துல உப்பு இல்லீன்னு இப்பச் சொல்றானாட்ட இருக்குதுன்னு பொம்பளைங்க எல்லாம் சிரிச்சாங்க. நானும் ஆகட்டும்னு சொல்லிட்டு வந்தேன்."

"பொங்கியண்ணன் இருந்தாருங்களா அப்ப?"

"அவருந்தான் இருந்தாரு. அவரு சிரிக்கல."

அவள் முதலாளிக்குப் போன் செய்தாள். கார் போகும் சத்தத்துக்கு நடுவே அவர் முழுவதையும் கேட்டார். "அம்மிணி" என்றார் கடைசியில், "ஒரு மணி நேரம் முன்னாடி அவனுக்குப் பதிலா நீங்க ஒண்ணு சொன்னீங்க. இப்ப அவனுக்குப் பதிலா வேற சொல்றீங்க. ரெண்டுலயும் எனக்குக் கேட்டது உங்க குரல்தான். எத நம்பறது?"

"வரதன் கேட்டாருங்க."

"அவன்கிட்டக் குடுங்க."

வரதன் போனை வாங்கினார். "ஏதோ சத்தம் வந்துச்சுங்க, நான் கவனிக்கலீங்க" என்றார். அன்றைய குரலைப் பொறுத்தவரை அவர் பொய் சொல்லவில்லை, செவ்வாய்க்கிழமையைப் பற்றி முதலாளி விசாரிக்கவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்தபோது முதலாளி இணைப்பைத் துண்டித்திருந்தார். லெட்டரை மடித்து உறையில் போட்டுக் கொடுத்தார். காரணம் என்று அச்சிட்ட இடத்தில், மறதி, பொறுப்பாளர் ஒப்புதலுடன், என்று இருந்தது.

வெளியே மிக்ஸர் ஓடிக்கொண்டிருந்தது. பலகைக்கு முன்னால் வேறொருவன் நின்று சரக்கைக் கொட்டிக்கொண்டிருந்தான், வாஷர்கள் எல்லாம் மேல் ஆணியிலேயே தொங்கின. கேட்டைத் தாண்டும்போதுதான் பஸ் நிறுத்தத்தில் அவன் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. மணி பார்த்தாள். பன்னிரண்டு பத்து. சரக்கு லாரிகள் இரண்டு போகும்வரை நின்று, ரோட்டைக் கடந்து, தகரக் கூரைக்கு அடியில் அவன் நின்ற இடத்துக்கு எதிரே, தான் நின்ற அதே இடத்தில் போய் நின்றாள். திட்டில் ஒரு பெண் கூடையில் கீரைக்கட்டுகளோடு உட்கார்ந்திருந்தாள். வெளியூர்க்காரி, இந்தக் குரலை அறியாதவள்.

குரல் வந்தது. காலையில் அவன் முகத்தில் பார்த்த அதே தெளிவு அதில் இருந்தது.

"சரிங்க்கா. நான் அங்க எல்லாத்தையும் சொல்லிட்டேன், இன்னேரம் மொதலாளி கேட்டிருப்பாரு. சுகந்திகிட்டயும் வேலைக்கு ஒண்ணும் ஆகலீன்னு சொல்லிர்றேன். நாளைக்கு அதே எட்டு மணிக்குத்தானுங்க நான் வரோணும்?"

கீரைக்காரி அந்த வெற்றிடத்தைப் பார்த்தாள், பிறகு இந்துராணியைப் பார்த்தாள். "உங்களத்தானுங்க கேக்கறாங்க" என்றாள். "சொல்லுங்க."

இந்துராணி வாயைத் திறந்தாள். உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை. கீரைக்காரி சற்று நேரம் அவள் முகத்தையே பார்த்தபடி காத்திருந்தாள், பரமத்தி பஸ் வந்ததும் கூடையைத் தூக்கிக்கொண்டு ஏறிப்போனாள்.